அலை தேடிப் போகும் கோவை மாணவருக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் பலகைமீது நின்று அலையில் சறுக்கும் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "பிற்காலத்தில் அலை உள்ள ஊரில்தான் குடியிருப்பேன்" என்று சொல்பவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? மிக அருகில் உள்ள கடலையா? அலையின் கதையைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

அலை பிறக்கும் இடம்

கடல் அலையை எழுப்புவது காற்று. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின்மேல் ஓடும் தூரம் ஆகிய மூன்றும் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. உக்கடம் பெரியகுளத்தில் எவ்வளவு காற்றடித்தாலும் சிற்றலைதான் எழும். அங்கே காற்று ஓட இடம் இல்லை. தென் இந்தியப் பெருங்கடலிலோ புயற்காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது.

அங்கே பிறக்கும் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 14 வினாடி இடைவெளி என்று கொள்வோம். இரு முகடுகளுக்கு நடுவே சுமார் 300 மீட்டர் இருக்கும். அலைக்கூட்டம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 7000 கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வர ஒரு வாரம் ஆகும்!

அலை உடையும் இடம்

ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. 1 மீட்டர் உயர அலை, நீரின் ஆழம் ஏறக்குறைய 1.3 மீட்டராகும்போது உடைந்து விழும். அலை முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் சறுக்க முடியாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை படிப்படியாக உடைய வேண்டும். கடலுக்குள் நீண்ட நிலமுனையும் மணல் திட்டும் இதற்கு உதவுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு இத்தகைய நிலமுனை.

எந்தக் கரை?

பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றால் பொன்னானிக் கடல் 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசி, அங்கே அலைகளைக் குலைத்துவிடுகிறது. அதே காற்று மாமல்லபுரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிரே வரும் அலையின் முகம் சீராக நிற்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. தொலைவு மும்மடங்கானாலும் அலைச்சறுக்குக்கு அதுவே ஏற்ற ஊர்.

பாக் நீரிணைப் பக்கம் போனால் ஏமாற்றமே. தெற்கிலிருந்து வரும் அலைகளை இலங்கை மறைத்துவிடுகிறது.

நீர் ஸ்கூட்டருக்கு?

இதற்கு வேண்டியது நேர்மாறானது: முட்டுக்காடு உப்பங்கழி போன்ற அமைதியான நீர். இதன் உள்ளே இருப்பது கோவைக்காரருக்குப் பழக்கமான பொருள்தான். பம்பில் உள்ளதைப்போன்ற இம்பெல்லர், அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டி முன்னே பாய்கிறது. பீய்ச்சும் நீரைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும். ஆகவே பயந்துபோய் விசையை விட்டுவிட்டால், வேகத்தோடு திருப்பும் திறனும் போய்விடும்!

கள்ளக்கடல்

தொலைவிலிருந்து வரும் அலைக்கு உள்ளூர் வானிலை தெரியாது. வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரெனப் பொங்கும். திருடனைப்போல் வருவதால் கேரள, குமரி மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த வேளையில், குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் கடலில் இறங்காதீர்கள்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, கரையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யுங்கள். தொலைவில் ஒரு மிதவையையோ நங்கூரமிட்ட படகையோ குறியாகக் கொள்ளுங்கள். அதை 11 முகடுகள் கடக்க ஆகும் வினாடிகளை எண்ணி 10ஆல் வகுங்கள். 5 அல்லது 6 வந்தால் அந்த அலை அருகில் பிறந்தது. 12க்கு மேல் வந்தால் அது நெடுந்தொலைவு விருந்தாளி. பயிற்சி பெற்ற சறுக்கு வீரருக்கு அது நல்ல செய்தி; நீச்சல் தெரியாதவருக்குக் கரையிலேயே நிற்கச் சொல்லும் எச்சரிக்கை.