காதல் எவர்க்கு உரியது?

காதலென ஒன்றில்லை, உள்ளது பாலுணர்ச்சியே என்பாருளர். உடலே அடிப்படையென்பதை யாமும் ஏற்கின்றோம். ஆயினும், விருந்தோம்பலை வெறும் பசியெனக் கூறி அமைதல் இயலுமா?

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாதென்பது தொல்காப்பிய விதி. அவ்வுணர்வு மக்கள் அனைவர்க்கும் பொதுவென்று கொண்டமையே இதற்குக் காரணமென்பர். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டதெனவும் அந்நூல் கூறும். களவு முந்தியது; கரணம் பிந்தியது. ஆனால், அதே நூல் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. பிறர் ஏவலில் நிற்போனுக்குத் தன் பொழுதே தனதன்று, களவொழுக்கத்துக்கு ஓய்வேது? பொதுவெனப்பட்டது உண்மையிற் பொதுவாயிருக்கவில்லை.

எனவே, காதல் உண்டா என்பதினும் அஃது எவர்க்கு வாய்த்தது என வினவுதலே பொருத்தமெனக் கருதுகின்றோம். மணத்தைச் சொத்துடைமையோடு பிணைத்து ஏங்கெல்ஸ் 1884இல் ஆராய்ந்ததும் இதனையொட்டியதே. யாழ்ப்பாணத்திலோ, 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்தை விரிவாக வகுத்துரைக்கின்றது. அங்கு இவ்வினா இன்றும் காணி உறுதியோடு சேர்ந்தே எழுகின்றது.