குழாய்ப் பணிக்குத் தக்கார் யார்?

பொதுக் கிணற்றடியிலும் தெருக்குழாயடியிலும் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்த நமது கிராம மக்களுக்கு, வீட்டு வாயிலிலேயே குடிநீர் கிடைக்கும் காலம் வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றிற்கும் குழாய் இணைப்பு அளிப்பதையும், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தூய நீர் வழங்குவதையும் குறிக்கோளாகக் கொண்டது. ஆயினும், இணைப்புக் கிடைத்ததுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. தெருவிலுள்ள பிரதான குழாயிலிருந்து அடுக்களை வரையில் நீரைத் தூய்மை கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பது குழாய்ப் பணியாளரின் கைத்திறனே ஆகும். பிளம்பர் என்று நாம் வழங்கும் அத்தொழிலாளரைத் தேர்ந்தெடுப்பதில் நாம் போதிய கவனம் செலுத்துகிறோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக் குழாயும் ஊர்க் குழாயே

வீட்டுக் குழாய் வேலை வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்றே பலரும் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். ஒரு தெருவிலுள்ள வீடுகள் அனைத்தும் ஒரே பிரதான குழாயிலிருந்து நீர் பெறுகின்றன. ஆகவே, ஒரு வீட்டில் நேரும் பிழை தெரு முழுவதையும் பாதிக்கும்.

நமது ஊர்களில் பெரும்பாலும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே நீர் திறந்துவிடப்படுகிறது. நீர் ஓடும்பொழுது குழாயினுள் அழுத்தம் இருப்பதால், இணைப்பில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் அழுத்தம் தணிந்து, குழாயில் வெற்றிடம் ஏற்படுகிறது. அப்பொழுது அதே ஓட்டையின் வழியாகச் சுற்றிலும் தேங்கியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் காலை முதலில் பிடிக்கும் குடத்தில் அந்த அழுக்கும் சேர்ந்தே வரும். வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை, டைபாய்டு முதலிய நோய்கள் பரவுவதற்கு இதுவும் ஒரு வழி. பிரதான குழாயில் நேராக மின்மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் இத்தீங்கை மேலும் பெருக்குகின்றனர்.

விவசாயிகள் மற்றோர் அபாயத்தையும் அறிதல் வேண்டும். பூச்சிமருந்து கலக்கும் பீப்பாயினுள் ரப்பர் குழாயின் முனையை அமிழ்த்தி வைத்து நீர் நிரப்புவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அந்நேரத்தில் நீர் நின்றுபோனால், பீப்பாயிலுள்ள மருந்து கலந்த நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் குடிநீர்க் குழாயை அடையக்கூடும். குழாயின் வாய் எப்பொழுதும் பீப்பாயின் விளிம்புக்கு மேலேயே இருக்க வேண்டும். தேர்ந்த பணியாளர் தொட்டிக்கு நீர் விடும் குழாயையும் இவ்வாறே, தொட்டியின் நீர்மட்டம் ஒருபோதும் எட்டாத உயரத்தில் அமைப்பார். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் குழாயை ஊராட்சிக் குழாயுடன் நேராக இணைக்கவும் மாட்டார். திருமண மண்டபம், அரிசி ஆலை, உணவு விடுதி போன்ற இடங்களில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

தகுதியை அறியும் முறை

நகரங்களில் உள்ளாட்சி அமைப்புகளும் குடிநீர் வாரியங்களும் குழாய்ப் பணியாளருக்கு உரிமம் வழங்கும் முறை உண்டு. அங்கே கட்டடம் கட்டுவோர் உரிமத்தை நேரில் பார்த்து, அது காலாவதியாகவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்றவரின் பெயரில் வேறொருவர் வந்து வேலை செய்வதை அனுமதிக்கலாகாது.

உரிமம் பெற்றவர் கிடைக்காத கிராமங்களில் என்ன செய்வது? அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதில் தேறியவரிடம் தேசியத் தொழிற்சான்றிதழ் இருக்கும். பல ஆண்டுகள் அனுபவத்தால் தொழில் கற்றவர்களும் தேர்வு எழுதித் திறன் சான்றிதழ் பெறுவதற்கு வழி உண்டு. சான்றிதழைப் பார்ப்பதோடு, அவர் முன்பு செய்த இரண்டு மூன்று வீடுகளுக்குச் சென்று, ஓராண்டு கழிந்தும் கசிவின்றி இருக்கிறதா என்று விசாரிப்பது நலம். வேலையை நன்கறிந்தவர் இவ்விசாரணையைக் கண்டு வருந்தமாட்டார்.

வேலையை ஒப்படைக்கும் முன்

குறைந்த கூலி கேட்பவரையே அமர்த்துவது சிக்கனம் ஆகாது. சுவருக்குள் மறைந்த குழாயில் நிமிடத்திற்கு அரை லிட்டர் கசிந்தால், ஒரு நாளில் 720 லிட்டர் வீணாகும். நபருக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் இது 13 பேருக்குரிய நீர். கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைத்துப் பூசும் செலவோ, மிச்சப்படுத்திய கூலியைப்போல் பன்மடங்காகும்.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு தாளில் இவ்விவரங்களை எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது: குழாயின் அளவும் வகையும், வால்வுகள் அமையும் இடங்கள், சாமான்களின் விலை, கூலி, முடிக்க வேண்டிய நாள், பழுது நேர்ந்தால் எத்தனை மாதம் வரையில் இலவசமாகச் சரிசெய்து தருவார் என்பது. பணம் முழுவதையும் முன்னதாகக் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியைப் பரிசோதனை முடியும் வரையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

சாமான்களை வாங்கும்பொழுது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். குடிநீருக்குரிய பி.வி.சி. குழாயின்மேல் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும், வெந்நீருக்கும் ஏற்ற சி.பி.வி.சி. குழாயின்மேல் ஐ.எஸ். 15778 என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பி.வி.சி. குழாய்களில் ஈயக் கலப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் விதிகள் வகுத்துள்ளது. மின்கம்பி செலுத்துவதற்கான மலிவுக் குழாய்களைக் குடிநீருக்கு உபயோகிக்கக் கூடாது. இரும்புக் குழாயின் மரையில் சணலுடன் வெள்ளை ஈயம் பூசும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், ஈயம் நஞ்சு.

பூச்சுக்கு முன் பரிசோதனை

குழாய்களைப் பதித்ததும் சிமெண்டு பூசி மூடிவிடுவது கூடாது. எல்லா முனைகளையும் அடைத்து, நீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்துச் சில மணி நேரம் வைத்திருந்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தென்பட்டால் அந்த இணைப்பை மாற்ற வேண்டும். குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்குள்ளாகவோ, கழிவுநீர்க் குழாயை ஒட்டியோ கொண்டுசெல்லலாகாது. பணி முடிந்ததும் குழாய் செல்லும் வழியைப் படமாக வரைந்து வாங்கி வைத்துக்கொண்டால், பின்னர் ஆணி அடிக்கவும் பழுது பார்க்கவும் உதவும்.

கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்கலாகாது

கழிவறை அடைத்துக்கொண்டால் குழாய்ப் பணியாளரையே கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்லும் கொடிய வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. தொட்டியில் தேங்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரைப் போக்கவல்லது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் மாண்ட நிகழ்ச்சிகள் பல. பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரைத் தொட்டியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உறிஞ்சு வாகனத்தை வரவழைத்தே தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். கூலி கூடுதலாகத் தருவதாகச் சொல்லி எவரையும் இணங்கச் செய்வது மனிதத்தன்மை ஆகாது.

ஊராட்சி ஆற்ற வேண்டிய பணி

இவ்விஷயத்தில் ஊராட்சி உறுப்பினர்கள் பெரிதும் உதவ முடியும். தகுதி பெற்ற குழாய்ப் பணியாளரின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம். அனுமதியின்றி எவரும் பிரதான குழாயை வெட்டி இணைப்பு எடுக்கக் கூடாது என்றும், புதிய இணைப்பை மண் மூடுமுன் நீர்த்தொட்டி இயக்குபவர் பார்வையிட வேண்டும் என்றும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். நீர்ப் பரிசோதனைப் பெட்டி கொண்டு குடிநீரைச் சோதிக்க ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிப்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. புதிய இணைப்பு கொடுத்ததும் அவர்களைக் கொண்டு கடைசி வீட்டு நீரைச் சோதிக்கச் செய்யலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருந்தால், கிருமிநாசினி அதுவரை சென்று சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். அந்த அளவு குறைந்திருந்தால் வழியில் எங்கோ பழுது உண்டா என்று உடனே ஆராய வேண்டும்.

ஊரிலுள்ள இளைஞர் இருவரையாவது, இளம்பெண்களையும் சேர்த்து, இத்தொழிலில் பயிற்சி பெற ஊக்குவிப்பது ஊராட்சிக்கு நீங்காத நன்மை தரும். நள்ளிரவில் குழாய் உடைந்தால் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஊரிலேயே பிழைப்புக் கிடைக்கும்.

பெரும் பொருட்செலவில் ஊருக்கு வந்து சேர்ந்த குடிநீர், கடைசிப் பத்தடித் தூரத்தில் கெட்டுவிடுமாயின் அச்செலவு அனைத்தும் வீணே. தொழிலறிந்தவரை அமர்த்தி, நியாயமான கூலி தந்து, வேலையைச் சோதித்து ஏற்றுக்கொள்வோமாக. அதுவே நம் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் நாம் செய்யும் கடமையாகும்.