இண்டிகேட்டர் மக்கர் செய்கிறதா? எர்த்தைப் பாருங்கள்!

பெங்களூரில் பழைய பிக்கப் வண்டியை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் உண்டு. விடியுமுன் இருட்டில், மூட்டைகளோடு வலது பக்கம் திரும்பும்போது இண்டிகேட்டர் எரியாவிட்டால் பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் உயிருக்கே ஆபத்து.

உடனே ஜே.சி. ரோட்டுக்கு ஓடிப் புது பிளாஷர் வாங்குவார்கள். பல சமயம் அது வீண் செலவு.

இடது பக்கம் ஒழுங்காகச் சிமிட்டி, வலது மட்டும் மக்கர் செய்தால் பியூஸ், பிளாஷர் மேல் குற்றமில்லை. வலது பக்கத்துப் பல்பு, ஹோல்டர், ஒயர், எர்த் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் எரியவில்லையா? அப்போது பியூஸ், பிளாஷர், சுவிட்ச்.

21 வாட் பல்பு ஒன்று போனாலே சிமிட்டும் வேகம் மாறிவிடும். சில வண்டிகளில் சிமிட்டாமல் அப்படியே எரியும்.

பெரிய வில்லன் எர்த்துதான். பின்விளக்கு பாடியோடு சேரும் இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லை. பக்கத்து விளக்கு வழியாகப் புகுந்து போகும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? சந்தேகமே வேண்டாம், எர்த் கோளாறுதான். விளக்கின் எர்த் முனையிலிருந்து பாட்டரியின் மைனஸுக்குத் தனி ஒயர் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால், துருவை உப்புத்தாளால் தேய்த்துத் திருகை இறுக்கினால் போதும்.

பல்பு மாற்றினால் அதே வாட்டில் வாங்கவேண்டும். எல்.இ.டி. பல்பு போட்டால் பழைய பிளாஷர் சரியாகச் சிமிட்டாது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்!