மடிக்கணினியில் வாய்மொழிப் பதிவு

நம் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களில் தீர்மானங்கள் உண்டு. வரவு செலவுக் கணக்கும் உண்டு. அத்தீர்மானங்களுக்குக் கையெழுத்திட்ட அங்கத்தினர்களின் தொழில் நுணுக்கம் பற்றி ஒரு வரியும் இராது. அது அவர்களுடைய நாவிலும் விரலிலுமே தங்கியிருக்கிறது. தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் அதனை எழுதி வைக்க நாம் பன்முறை முயன்றதுண்டு. சொல்வோரின் வேகத்திற்கு எமது பேனா ஓடவில்லை. ஆகவே மடிக்கணினியின் துணையை நாடினோம். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, நெசவாளர் இல்லங்கள் பலவற்றிற்கும் அக்கருவி வந்து சேர்ந்ததை அன்பர்கள் அறிவர். அதைக் கொண்டே பேச்சைப் பதிவு செய்யலாம் என்பதைத்தான் பலர் அறியார்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் அங்கத்தினர் இருந்தார். சேலைக் கரையில் பூவேலை எழுவதற்காகப் பாவிழைகளை உயர்த்த, நூல்களாலேயே முடிச்சிட்டு அமைக்கும் ‘அடை’ கட்டுதலில் அவர் வல்லவர். ஜக்கார்டு பெட்டி பரவிய பின் அம்முறை அருகிவிட்டது. கேட்டதும் மகிழ்ந்து இசைந்தார். தறி மேடையருகே மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. ஒன்றே கால் மணி நேரம் பேசினார். சங்கம் தோன்றிய காலத்தில் நூல் பெற அலைந்த கதையும் அதில் அடக்கம்.

அன்றிரவு போட்டுக் கேட்டபோது எமக்கு வெட்கமே மிஞ்சியது. தறியின் ஓசை முன்னே நிற்க, பெரியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. மடிக்கணினியில் பொருத்தப்பட்டிருக்கும் ஒலிவாங்கி, எதிரே அமர்ந்து பேசுபவருக்கென அமைந்தது. எட்ட இருப்பவர் குரலையும் அறையின் எதிரொலியையும் அது ஒன்றாகவே வாங்கும். கணினியின் உள் விசிறியும் அதற்கு அண்டை வீடு. குரல் சிறிதாயிருக்கிறதே என்று நாம் உள்வாங்கும் அளவை உச்சத்திற்கு ஏற்றியிருந்தோம். அதனால் அவர் உரக்கச் சிரித்த இடங்களெல்லாம் கிழிந்த ஒலியாயின. தாங்கும் எல்லையைக் கடந்த ஒலியின் முகடுகளைக் கணினி வெட்டி எறிந்துவிடும். வெட்டுண்டதை முழுதாக மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது.

பரிகாரம் யாதெனில், தனி ஒலிவாங்கி ஒன்றைப் பேசுபவரின் வாயினின்று ஒரு சாண் தொலைவில் வைத்தலேயாம். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் குரலின் ஒலியழுத்தம் இரட்டிக்கும். அறைக்குள்ளும் பெருமளவு அவ்வாறே. சுற்றுச் சந்தடியோ மாறாது. நேர் முன்னே வையாது சற்று ஒதுக்கி வைத்தால், ‘ப’ என்னும் எழுத்தில் புறப்படும் காற்று மோதாது. உடுப்பில் செருகும் சிறு ஒலிவாங்கியும் நன்றே. ஆயின் பட்டுத் துண்டு அதில் உராயலாகாது.

மென்பொருளுக்குச் செலவில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவர் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்ட ‘அடாசிட்டி’ இலவசமாகவே கிடைக்கிறது. ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில், 16 பிட் அளவில் பதிதல் போதுமானது. சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாக வைத்தால் மணிக்குச் சுமார் 300 மெகாபைட் இடம் கொள்ளும்; எம்பி3 ஆகச் சுருக்கினால் பத்தில் ஒரு பங்கு. மூலத்தை வேவ் கோப்பாகவே காத்து, பிறர்க்கு அளிப்பதைச் சுருக்குக. அளவுகாட்டியின் உச்சி பூஜ்யம். பேச்சின் உச்சங்கள் கழித்தல் 12-க்கும் கழித்தல் 6-க்கும் இடையே ஆடினால் நலம். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்திலேயே ஓட்டினால், நம் மின்சாரத்தின் 50 சுழற்சி ரீங்காரம் நுழையும் வாய்ப்பும் குறையும்.

இடத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பியடிக்கும். துணி அதனை விழுங்கும். நகரத்து ஒலிப்பதிவு நிலையத்தார் சுவருக்கு மெத்தை பூசப் பணம் செலவிடுகின்றனர். நம் சங்கத்துச் சரக்கறையிலோ போர்வையும் ஜமுக்காளமும் அடுக்கடுக்காய் உள்ளன! விற்பனையாகாது தேங்கிய சரக்கைப் பற்றித் தணிக்கைக் குறிப்பில் குறை எழுதும் நாமே, இவ்வொரு காரியத்திற்கு அதனைப் பாராட்ட வேண்டியதாயிற்று. விவசாய அன்பர்களின் கிடங்கில் கோணி மூட்டைகளும் இவ்வாறே உதவும்.

ஆறு வாரம் கழித்து மீண்டும் சென்றோம். பெரியவர் நோய்வாய்ப்பட்டிருந்தார்; சரக்கறைக்கு வர இயலவில்லை. உள்ளறையில் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, விசிறியை நிறுத்தி, பக்கத்துத் தறியையும் கேட்டு நிறுத்தினோம். நெசவாளர் ஒருவரின் கூலி நேரத்தை இதற்காகக் கேட்பது எளிதன்று. அவர் மறு பேச்சின்றி இறங்கி வந்தார். தொடங்குமுன் அரை நிமிடம் ஒருவரும் பேசாமல் அறையின் மௌனத்தை மட்டும் பதிந்தோம். மாறாது ஒலிக்கும் இரைச்சலை அம்மாதிரியைக் கொண்டு மென்பொருள் பின்னர் குறைத்துவிடும். இருபத்திரண்டு நிமிடம் பேசினார். குரல் தளர்ந்திருந்தும் தெளிவாயிருந்தது. அடை கட்டும் முறை முழுவதும் வந்துவிட்டது. பழைய நூல் கதையைக் கேட்டோம். “அதுதான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே, தம்பி” என்று கண்ணை மூடிக்கொண்டார். நாம் வற்புறுத்தவில்லை.

அவர் களைத்திருந்தமையால், அங்கேயே ஒருமுறை போட்டுக் கேளாமல் கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். அது பிழை. பதினான்காம் நிமிடத்தில், எத்தனை இழைக்கு ஒரு முடிச்சென்று அவர் சொல்லும்போது, தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கூவியிருக்கிறது. இரைச்சல் நீக்கும் உத்தி விசிறிக்குப் பயன்படும். குரலின் மேல் விழுந்த குரலைப் பிரிக்க அதற்கு வகையில்லை. எண்ணின் பிற்பகுதியாகிய ‘பத்தெட்டு’ மட்டுமே கேட்கிறது. அடுத்த தை மாதத்தில் பெரியவர் காலமானார்.

கோப்பின் பிரதிகள் மூன்று உள்ளன: சங்கத்துக் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, அவர் மகன் வீட்டில் ஒன்று. பதிந்த நாள், இடம், பேசியவர், பொருள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். அந்த எண் நாற்பத்தெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் மகன். அறுபத்தெட்டு என்று சாதிக்கிறார், அன்று தறியை நிறுத்தித் தந்த அண்டை நெசவாளர். இருவரும் ஆளுக்கொரு விதமாய் அடை கட்டிப் பார்த்து வருகின்றனர்.