சமாரிய எழுத்தும் எண்வடிவும்

எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என வடிவிரண்டு கூறுவர் இலக்கண நூலார். கணினியோ எண்வடிவு என்னும் மூன்றாவதொன்றை வேண்டி நிற்கின்றது. கோடும் வளைவும் அதற்குத் தெரியா, எண்ணொன்றே தெரியும். ஆகவே, உலகம் ஒப்பிய எண்ணைப் பெறாத எழுத்தாலாய நூல் கணினியிலே தன்னுருவோடு நிலைபெறுதல் அரிது. இவ்வுண்மையைச் சமாரிய நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய 'அலாப்' நன்கு விளக்கும்.

சமாரியர் இன்று ஆயிரவருக்கும் குறைந்த தொகையினர். நாப்ளஸ் நகரை அடுத்த கெரிசீம் மலையிலும், தெல் அவீவுக்கு அண்மையிலுள்ள ஹோலோனிலும் வாழ்கின்றனர். மோசேயின் ஐந்நூல்களே அவர்தம் திருமறை. இஸ்ரவேலர் பண்டு வழங்கிய எபிரேய எழுத்துப் பினீசிய எழுத்தோடு ஒருவழிப் பிறந்ததாகும். கி.மு. 6ஆம் நூற்றாண்டிற் பாபிலோனியச் சிறைவாழ்வு நிகழ்ந்த பின்னர், யூதர் படிப்படியாக அரமேய எழுத்தைக் கைக்கொண்டனர். இன்றைய எபிரேயச் சதுர எழுத்து அதன் வழிவந்ததே. சமாரியரோ பழைய எழுத்தின் வழிவந்த வடிவையே கைவிடாது போற்றினர். 1616ஆம் ஆண்டில் இத்தாலியப் பயணியான பியெத்ரோ தெல்லா வல்லே தமஸ்கு நகரிலே சமாரிய ஐந்நூற் பிரதியொன்றைப் பெற்றார். ஐரோப்பிய அறிஞர் அந்நூலை ஆராய்தற்கு அது வாயிலாயிற்று.

இனி, ஈண்டு ஒரு வினா எழும். எபிரேயத்துக்கும் சமாரியத்துக்கும் எழுத்துக்கள் இருபத்திரண்டே, வரிசையும் ஒன்றே. அங்ஙனமாயின், எபிரேய அலெப்பின் எண்ணாகிய 1488ஐயே அலாபுக்கும் கொண்டு, அச்சுரு ஒன்றை மாத்திரம் மாற்றினாற் போதாதோ? போதாது. அவ்வச்சுரு இல்லாத கணினியிற் சமாரிய நூல் சதுர எழுத்தாகத் தோன்றும். ஈரெழுத்தையும் ஒருங்கே வைத்து ஒப்பிடும் ஆய்வுரையில் வேற்றுமை முற்றும் மறையும். அன்றியும், சமாரியரின் உயிர்க்குறிகளும் நிறுத்தக்குறிகளும் எபிரேயக் குறிகளின் வேறானவை.

எனினும், வரிவடிவ வேறுபாடு மாத்திரம் தனியெண்ணுக்குப் போதிய காரணமாகாது. பழைய எபிரேயக் கல்வெட்டெழுத்துக்கள், பினீசியத்துக்கு 2006இல் வழங்கப்பட்ட எண்களாலேயே குறிக்கப்படுகின்றன. சமாரியமோ தனக்கேயுரிய குறிகளோடு இன்றும் வழிபாட்டிற் பயிலும் எழுத்தாகும். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 5.2ஆம் பதிப்பு அதற்குத் தனியிடம் அளித்தது. எழுத்து இருபத்திரண்டு, உயிர்க்குறி முதலியன இருபத்து நான்கு, நிறுத்தக்குறி பதினைந்து என அறுபத்தொரு குறிகள் எண் பெற்றன.

அவற்றுள் அலாப் பெற்ற எண் 2048. பதினறும முறையில் அது 0800 என எழுதப்படும். பெருவழக்கிலுள்ள யூ.ரி.எவ்.-8 முறையில், எட்டுப் பிற்றுக் கொண்ட பைற்றுத் தொடராக எழுத்துச் சேமிக்கப்படும். இரண்டு பைற்றில் எண்ணுக்கென எஞ்சுவன பதினொரு பிற்றுக்களே. அவற்றால் 2047 வரையுமே குறிக்கலாம். எனவே, மூன்று பைற்று வேண்டும் எண்களுள் அலாபின் எண்ணே முதலாவது. 2048ஐத் துவித எண்ணாக்கி, நான்கு, ஆறு, ஆறு பிற்றுக்களாகப் பகுத்தால் 0000, 100000, 000000 என வரும். முதற்பகுதியின் முன் 1110 என்பதையும், ஏனையவற்றின் முன் 10 என்பதையும் சேர்க்க, முறையே 224, 160, 128 என்னும் மூன்று பைற்றுக்கள் பிறக்கும். முதற்பைற்றைக் கண்ட அளவிலே, இன்னும் இரண்டு தொடரும் எனக் கணினி அறியும். எழுத்துக்கள் வாசிக்கும் ஒழுங்கிலேயே சேமிக்கப்படும். வலமிருந்து இடமாகத் திரையில் அமைத்தல், எழுத்தின் இயல்பாகக் குறிக்கப்பட்ட விதியின் வேலையாகும்.

எண் பெற்றமையால் மாத்திரம் ஓரெழுத்து வாழ்ந்துவிடாது. அச்சுருவும் விசைப்பலகையும், அவற்றினும் மேலாகக் கற்போரும் வேண்டும். ஆயினும், எண் இன்றேல் இவை யாவும் நிலையற்றனவாகும். தமிழ் அகரத்தின் எண் 2949. அதுவும் 224 என்னும் முதற்பைற்றோடு கூடிய மூன்று பைற்றுக்களாலாயது. கோடிக்கணக்கானோர் எழுதும் அகரத்துக்கும் ஆயிரவருக்கும் குறைந்தோர் போற்றும் அலாபுக்கும் கணினியில் உரிமை ஒன்றே. எழுதுவோர் தொகை சிறிதென்று ஓரெழுத்தைத் தள்ளாமையே இம்முறையின் சிறப்பாகும்.