தெருவை எழுப்பிய எங்கள் கோஷ்டி



மார்கழி பிறந்தால் நம் வாசல் கோலம் பெரிதாகும், நம் தூக்கம் சிறிதாகும். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒன்றை உங்களோடு பகிர்ந்து கொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்துக்கு மருமகளாக வந்தபோது எங்கள் தெருவில் தினமும் விடிகாலை பஜனை போகும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள். முன்னால் ஜால்ராவோடு என் மாமனார். திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபது, திருப்பள்ளியெழுச்சி பத்து என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். பெண்கள் நாங்கள் கோலத்தைப் போட்டுவிட்டு, கற்பூரத் தட்டோடு வாசலில் நிற்போம். அவ்வளவுதான் எங்கள் பங்கு.

2020ல் கொரோனா வந்தது. பஜனை நின்றது. மிருதங்கம் வாசித்த பெரியவர் காலமாகி விட்டார். மறுவருடம் மாமாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. ஊரையே எழுப்பிய குரல் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைக் காட்டும். பார்க்கச் சகிக்காது.

பஜனைக்குப் பதிலாகக் கோவிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். நாலரை மணிக்கே அலறும். அப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. காதில் பஞ்சை வைத்துக் கொண்டு படிப்பாள். எதிர்வீட்டில் பிரசவமாகி இருபது நாள் ஆன பெண், குழந்தை திடுக்கிட்டு அழுவதைப் பார்த்துத் தானும் அழுவாள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ம் வருடமே விதி வந்துவிட்டது. ஆனால் சாமி விஷயம், யார் போய்க் கேட்பது?

நான் போனேன். கோவில் காரியம் பார்ப்பவர் முறைத்தார்.

"சாமி பாட்டு உனக்குக் கசக்குதாம்மா? பஜனைதான் நின்னு போச்சு. வேற என்ன பண்றது?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "நாங்க பாடறோம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை கால் நடுங்கியது.

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு? காலை டிபன் யார் பண்றது?" என்றார் என் கணவர். மாமியாரோ, "பொம்பளைங்க தெருவுல பாடிண்டு போறதாவது!" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

எனக்குத் துணையாக வந்தவர் கடைசி வீட்டுப் பாட்டு டீச்சர். ஓய்வு பெற்றவர். ஆர்மோனியமும் வாசிப்பார். என் மாமியாரிடம் அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"திருப்பாவையை எழுதினது யாரு? ஆண்டாள்தானே. ஆறாம் பாட்டுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் பத்துப் பாட்டும், பொண்ணுங்க வீடு வீடாப் போய் இன்னும் தூங்கற தோழிகளை எழுப்பற பாட்டு மாமி! திருவையாறு ஆராதனையிலும் முன்னாடி பெண்களைப் பாட விடலை. தன் சொத்தைப் போட்டு தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் கட்டின பெங்களூர் நாகரத்தினம்மா 1927ல பெண்களுக்குன்னு தனிக் கோஷ்டியே ஆரம்பிச்சாங்க. நாம எழுப்பப் போறது நம்ம தெருவைத்தானே?"

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மாமாவின் ஜால்ராவைப் புளி போட்டுத் துலக்கி என் முன்னால் வைத்தார்!

கார்த்திகை மாதம் முழுக்க ராத்திரி எட்டு மணிக்கு ஒத்திகை. பதினான்கு பெண்கள். பக்கத்துத் தெரு நாதஸ்வரத் தாத்தா வந்தார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. நாதஸ்வரக்காரர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவதே கஷ்டம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மிருதங்கம் கற்றுக் கொள்ளும் கல்லூரித் தம்பி ஒருவன் வந்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடப் போகும் குழுவில் டோலக் வாசிக்கும் பையனும், "நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டு வந்து சேர்ந்தான்.

முதல் நாள் ஒத்திகை சந்தைக்கடைதான். ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாட்டை எங்களால் அந்தக் கீழ்க் குரலில் பாட முடியவில்லை. எங்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். தாத்தாவின் நாதஸ்வரமோ இரண்டு கட்டை. குழலின் நீளம்தான் அதன் சுருதியாம். நமக்காக அதை மாற்ற முடியாது. நாங்கள் இறங்கினால் தொண்டை அடைக்கிறது. அவரோடு ஏறினால் கீச்சிடுகிறது. தாத்தா எழுந்துவிட்டார். "நான் இருந்தா உங்களுக்குத் தொந்தரவும்மா."

டீச்சர் விடவில்லை. "சேர்ந்து வாசிக்க வேண்டாம் ஐயா. நீங்க கேளுங்க, நாங்க பதில் சொல்றோம்" என்றார். அதாவது தெருமுனையில் தாத்தா இரண்டு நிமிடம் ராகத்தை வாசித்து நிறுத்துவார். பிறகு ஆர்மோனியம் எங்கள் சுருதியைக் கொடுக்க, நாங்கள் பாட ஆரம்பிப்போம். மிருதங்கத் தம்பி எங்கள் கட்டைக்கு ஏற்ற சின்ன மிருதங்கத்தை எங்கோ கேட்டு வாங்கி வந்தான். பனியில் தோல் இளகிச் சுருதி இறங்கும் என்று அதைக் கைக்குழந்தை மாதிரி கம்பளித் துண்டில் சுற்றி எடுத்து வருவான்.

2023 டிசம்பரில் மார்கழி பிறந்தது. காலை சரியாக ஆறு மணிக்குத்தான் ஆரம்பம். "பிரம்ம முகூர்த்தம் போச்சே" என்று சிலர் குறைப்பட்டார்கள். "அந்த நேரத்துக்கு வீட்டு விளக்கு முன்னாடி பாடுங்க. தெருவுக்கு ஆறு மணி" என்றார் டீச்சர். முதல் பாசுரத்தை நாட்டை ராகத்தில் தாத்தா ஊத, கோலப்பொடிக் கையோடு பெண்கள் ஒவ்வொருவராகக் கோஷ்டியில் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கி எங்களை எழுப்பியபோது சபித்துக் கொண்டு எழுந்தோம். தெரிந்த முகம் வந்து எழுப்பினால் யாருக்குக் கோபம் வரும்? முதல் வாரத்திலேயே ஒலிபெருக்கியைக் கழற்றி விட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்தினம் ராத்திரி டோலக் தம்பியின் குழு எங்கள் தெருவுக்கும் வந்தது. மிருதங்கத் தம்பி அவர்களோடு இரண்டு பாட்டுக்கு வாசித்தான். மறுநாள் காலை டோலக் இல்லாமல் எங்கள் கோஷ்டி வெறிச்சென்று இருந்தது!

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 38 வீடு, வீட்டுக்கு 200 ரூபாய், மொத்தம் 7,600 ரூபாய். தம்பிகள் வேண்டாம் என்றார்கள். தாத்தாவும் முதலில் மறுத்தார். "இது தர்மம் இல்லை ஐயா, உங்க வித்தைக்கு மரியாதை" என்று தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக் கொண்டு வாங்கினார்.

இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. எங்கள் வீட்டில்தான் அக்காரவடிசல். மாமாவை ஈஸிசேரில் வாசலில் உட்கார வைத்திருந்தோம். நாங்கள் பாடப் பாட அவருடைய இடது கை தொடையில் தாளம் போட்டது. அது புதிதில்லை. பாசுரம் முடியும் இடத்தில் ஒரு கரகரத்த குரல் எங்களோடு சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா! இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு சொல் வராத வாயிலிருந்து பாசுரத்தின் கடைசிச் சொல் முழுசாக வந்தது. மாமியார் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டார்.

டாக்டரிடம் சொன்னோம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் வருவதுண்டாம். அதை வைத்தே பேசப் பழக்கும் பயிற்சியும் உண்டாம். இப்போது தினமும் சாயங்காலம் மாமியார் பாட, மாமா கூடவே பாடுகிறார். பேச்சு இன்னும் சரியாகவில்லை. ஆனால் "தண்ணி" என்பதை ராகமாக இழுத்துக் கேட்கிறார். எங்களுக்கு அதுவே போதும்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் ஒரு பாட்டு டீச்சர் இருப்பார். வேலையில்லாத ஒரு வித்வான் இருப்பார். பரணில் ஒரு ஜால்ரா இருக்கும். ஒரு மாதம் முன்பே கூப்பிட்டுப் பேசுங்கள். சுருதியை முதலில் முடிவு செய்யுங்கள். வித்தை தெரிந்தவருக்கு வெறுங்கையோடு நன்றி சொல்லாதீர்கள். முக்கால் மணியில் முடித்து விடுங்கள், ஸ்கூல் வேன் நமக்காக நிற்காது!

டிபன் யார் பண்றது என்று கேட்ட என் கணவரா? மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் காப்பி, இட்லி எல்லாம் அவர் கைவண்ணம்தான். சட்னியில் மட்டும் உப்பு கொஞ்சம் கூடுதல்.

- ஒரு வாசகி, கும்பகோணம்