சீலியாக்: ரத்தப் பரிசோதனை போதுமா, பயாப்ஸியும் வேணுமா?

சீலியாக் நோய்க்கு மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை ஆயுள் முழுக்க ஒதுக்கணும், அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமாவோட இது முடியாது. கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

ஆகவே நோய் இல்லாத குழந்தைக்கு "இருக்கு" என்று சொல்லிவிட்டால் அதன் வாழ்நாள் சாப்பாடே வீணாக மாறிப்போகும். இருக்கிற குழந்தைக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால் எடை ஏறாது, உயரம் கூடாது, ரத்தசோகை விடாது. இரண்டு தவறும் நடக்காமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

இந்த நோயில் குளூட்டனைப் பார்த்ததும் உடம்பின் எதிர்ப்பு சக்தி தப்பாகப் புரிந்துகொண்டு சொந்தக் குடலையே தாக்குகிறது. நம் திசுக்களில் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் (சுருக்கமாக டிடிஜி) என்று ஒரு நொதி உண்டு. சீலியாக் உள்ளவர்களின் உடல் அந்த நொதிக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது. தாக்கப்படும் பொருள் இந்த நொதிதான் என்று தெரியவந்தது 1997-ல். இன்று முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை 'டிடிஜி ஐஜிஏ' இந்த ஆன்டிபாடியைத்தான் அளக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. சிலருக்கு ஐஜிஏ வகை ஆன்டிபாடியே உடம்பில் சுரப்பதில்லை. சீலியாக் நோயாளிகளிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எடுத்தால் நோய் இருந்தாலும் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். அதனால்தான் மொத்த ஐஜிஏ அளவையும் கூடவே பார்க்கணும் என்கிறார்கள். அது ரொம்பக் குறைவாக இருந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனைக்குப் போகணும்.

பயாப்ஸி என்றால், மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இறக்கி, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போயிருந்தால் பாதிப்பு உறுதி. ஆனால் பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கலாம், அதனால் குறைந்தது ஐந்து துண்டாவது எடுக்கணும். இன்னொன்று, ஜியார்டியா கிருமித் தொற்றிலும் வேறு சில குடல் நோய்களிலும் இதே மழுங்கல் வரும். அதனால் பயாப்ஸியை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது.

ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நல மருத்துவர் சங்கம் 1969-ல் வகுத்த விதிப்படி ஒரு குழந்தைக்கு மூன்று பயாப்ஸி! முதலில் ஒன்று, குளூட்டனை நிறுத்தியபின் ஒன்று, திரும்பக் கொடுத்துப் பார்த்து இன்னொன்று. 1990-ல் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று போதும் என்றார்கள். 2012-ல் சில குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம் என்று வந்தது. 2020 விதி இன்னும் எளிமை: டிடிஜி ஐஜிஏ, லேப் குறிப்பிடும் உச்ச வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருக்கணும், தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் ஈஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவாக வரணும். இரண்டும் சரியாக இருந்தால், பெற்றோரோடு பேசி பயாப்ஸி இல்லாமலே முடிவு செய்யலாம். ஏன்னா, அந்த அளவுக்கு ஏறியவர்களின் குடலைப் பார்த்தபோதெல்லாம் கிட்டத்தட்ட எப்போதும் பாதிப்பு இருந்தது.

பாசிட்டிவ், ஆனால் 10 மடங்குக்குக் கீழே? அப்போது பயாப்ஸி வேணும். லேசான ஏற்றம் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளிடமும் வரும், சில சமயம் தானாகவே இறங்கியும் விடும்.

நம்ம ஊருக்கு இது இன்னும் பொருந்தும். இந்தியாவில் வளர்ந்தவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது, தெற்கே 0.10 சதவீதம்தான். நோய்க்குத் தேவையான மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. கோதுமை சாப்பிடும் அளவுதான் பெரிய வித்தியாசம். நோய் அரிதான இடத்தில் லேசான பாசிட்டிவ் தவறாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். அதே சமயம், "இங்கே இதெல்லாம் வராது" என்று சோதிக்காமலே விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

கடைசியாக, முக்கியமான விஷயம். சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஆன்டிபாடி மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். பிறகு ரத்தமும் பயாப்ஸியும் சேர்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லலாம். உண்மை தெரிய குழந்தைக்குத் திரும்பவும் வாரக்கணக்கில் கோதுமை கொடுத்து நோயை வரவழைக்க வேண்டியிருக்கும். வழக்கம்போல் சாப்பிடும்போதே ரத்தம் எடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு நிற்காமல், எத்தனை மடங்கு, மொத்த ஐஜிஏ எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.